காகிதக் கோப்பிலிருந்து கணினிக்கு: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: இருபது ஆண்டுகளாகத் தனியாக கிளினிக் நடத்தி வருகிறேன். அலமாரிகள் நிறைய நோயாளிகளின் காகிதக் கோப்புகள் இருக்கின்றன. மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாற விரும்புகிறேன். பழைய கோப்புகள் அனைத்தையும் ஸ்கேன் செய்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? மென்பொருளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அனைத்தையும் ஸ்கேன் செய்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், காத்திருந்தால் தொடங்கும் நாள் தள்ளிக்கொண்டே போகும். ஸ்கேன் செய்த பக்கம் கணினியைப் பொறுத்தவரை ஒரு படம் மட்டுமே. அந்தப் பக்கத்தில் பெனிசிலின் ஒவ்வாமை என்று நீங்கள் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாலும், நாளை அதே நோயாளிக்குப் பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதும்போது மென்பொருள் உங்களைத் தடுக்காது. ஒவ்வாமைக்கென்று உள்ள கட்டத்தில் அதைப் பதிந்திருந்தால்தான் தடுக்கும். எனவே, ஒருவர் அடுத்த முறை வரும்போது அவருடைய நாட்பட்ட நோய்கள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமைகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், அண்மைய முக்கியப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை மட்டும் தட்டச்சு செய்து உள்ளிடுங்கள். அடிக்கடி வருபவர்களின் விவரங்கள் சில மாதங்களிலேயே ஏறிவிடும். மற்ற கோப்புகள் சட்டம் சொல்லும் காலம் வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குக் கணினியே தேவையில்லை. மருத்துவப் பதிவேட்டை நோயாளியின் பிரச்சினைப் பட்டியலைச் சுற்றி அமைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். நோயாளி சொல்வது, நாம் காண்பது, நம் மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று நாம் இன்று நான்கு பகுதிகளாக எழுதும் குறிப்பு அவர் காட்டிய முறையிலிருந்து வந்ததுதான். இந்த ஒழுங்கைக் காகிதத்தில் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். கையால் எழுதும்போதே ஒழுங்கில்லாத குறிப்பு, திரையில் ஏறியதும் ஒழுங்காகிவிடாது.

மென்பொருள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, வெளியேறும் வழியை. நான் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் என் நோயாளிகளின் பதிவுகள் அனைத்தையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிடிஎஃப் கோப்புகளாகத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவற்றை அடுத்த மென்பொருளால் கட்டம் கட்டமாகப் படித்துக்கொள்ள முடியாது. எஃப்எச்ஐஆர் என்ற தரவுப் பரிமாற்றத் தரத்தையும், நோய்ப் பெயர்களுக்கு ஐசிடி, ஆய்வகப் பரிசோதனைகளுக்கு லாயின்க் ஆகிய குறியீடுகளையும் அந்த மென்பொருள் ஆதரிக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் காட்டும் மாதிரி நோயாளிக்கு எப்போதும் ஒரே நோயும் இரண்டே மருந்தும்தான் இருக்கும். நீங்கள் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும் உள்ள, எட்டு மருந்துகள் உட்கொள்ளும் ஒருவரைக் கற்பனையாக அமைத்து, அவருக்கான மருந்துச் சீட்டை உங்கள் கையாலேயே உள்ளிட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுங்கள்.

பழக்கமாகும் வரை முதல் சில வாரங்களுக்கு முன்பதிவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து உத்தரவுகளைக் கணினிக்கு மாற்றிய பின், வேறு இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்ததாக 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும் வரை உத்தரவை உள்ளிட முடியாமல் போனது. செவிலியர்கள் படுக்கையருகே இருக்க வேண்டிய நேரத்தில் கணினியருகே இருந்தார்கள். அதே மென்பொருளை வேலைமுறையை முன்கூட்டியே திட்டமிட்டுப் புகுத்திய மற்றொரு குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு கூடவில்லை. கருவியைக் கொண்டுவரும் விதத்திலும் உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

கேள்வி: கணினி வந்த பிறகு என் மருத்துவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அவர் வேண்டுமென்றே செய்வதாக எண்ண வேண்டாம். மருத்துவர்கள் நோயாளிகளோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் கழிகிறது என்று 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு கள ஆய்வு காட்டியது. திரையை உங்கள் இருவருக்கும் தெரியும்படி திருப்பி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மருந்துப் பட்டியலை அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். நிறுத்திவிட்ட மருந்து இன்னும் பட்டியலில் இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் நோயாளிதான். முந்தைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கம் பரவியிருப்பதால், ஒருமுறை நுழைந்த பிழை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரக்கூடும்.

கேள்வி: நான் செவிலியர். எங்கள் கிளினிக்கில் ஐந்து பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். கணினி நின்றுபோனால் என்ன செய்வது என்றும் யாரும் சொல்லித்தரவில்லை. இது சரியா?

பதில்: இரண்டும் சரியில்லை. யார் எதைப் பார்த்தார்கள், யார் எதை மாற்றினார்கள் என்பதை மென்பொருள் குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே பெயரில் ஐவர் நுழைந்தால், வேறொருவர் தவறாக உள்ளிட்ட மருந்தளவுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். உங்களுக்கென்று தனிக் கணக்கை எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

இரண்டாவதைப் பற்றி: 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு மென்பொருள் பரவியபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் பூட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான முன்பதிவுகள் ரத்தாகின, ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. அது நுழைந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் புதுப்பிப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவுகளின் பேக்கப் நகல்களில் ஒன்றாவது வலையமைப்போடு இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்பதை அவ்வப்போது மீட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். உங்கள் மேசையருகே ஒரு பெட்டியில் அச்சிட்ட வெற்று மருந்துச் சீட்டுகளையும், குறிப்புப் படிவங்களையும், ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், கூட்டம் குறைவான ஒரு மணி நேரத்தைத் தேர்ந்து, திரையை அணைத்துவிட்டு அந்தப் பெட்டியை மட்டும் கொண்டு வேலை செய்து பாருங்கள். பெட்டியில் எது இல்லை என்பது அப்போது தெரியும். அந்த ஒரு மணி நேரக் காகிதங்களை யார், எப்போது கணினியில் ஏற்றுவது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.