120 வோல்ட் ஆம்ப்ளிஃபையரை 230-இல் செருகிவிட்டேன், பிழைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கே வைத்திருந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பிளக்கின் பின்னை மாற்றும் அடாப்டர் போட்டுச் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை, அப்புறம் உயிரே இல்லை. ஃபியூஸ் மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஃபியூஸை மாற்றிவிட்டு நேராகச் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜ் அப்படியே 230 தான் போகும். ஆனாலும் 'டப்' சத்தம் ஒருவகையில் நல்ல சகுனம். கிட்டத்தட்ட இரட்டை வோல்டேஜில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கோர் சாச்சுரேட் ஆகி (காந்தத்தை இதற்கு மேல் தாங்காத நிலைக்குப் போய்), கரண்ட் பல மடங்கு ஏறும். ஃபியூஸ் சட்டென்று போயிருந்தால் மற்றவை தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில், பிளக்கைக் கழற்றிய பிறகும் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம், 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு மீட்டரில் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கருப்பாகப் புகை படிந்திருந்தால் பெரிய ஷார்ட் என்று அர்த்தம். ஃபியூஸ் பக்கத்தில் நீல நிறத்திலோ மஞ்சளிலோ வட்ட வில்லை மாதிரி வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறினால் தன் வழியே கடத்திக் காக்கும் பாகம்) இருக்கிறதா? 120 வோல்ட் செட்டில் அது 150-ஐத் தாண்டியதும் கடத்தத் தொடங்கிவிடும். வெடித்திருந்தால் வாடையும் சத்தமும் அதிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் செலவு சில ரூபாய்தான்.

ரிமோட் உள்ள செட்டாக இருந்தால் ரிமோட்டுக்காக எப்போதும் ஓடும் சின்ன ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்படுங்கள். செருகிய நொடியே கரண்ட் அதற்குத்தான் போகும். பெரிய மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடினால்தான் போகும். பிளக் கழற்றிய நிலையில் பிரைமரியை (மெயின்ஸ் வந்து சேரும் சுற்றை) ஓம்ஸில் அளந்து பாருங்கள்: பெரியதில் சில ஓம், சின்னதில் நூற்றுக்கணக்கில் வரும். ஓப்பன் (சுற்று அறுந்தது) என்று காட்டினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் காகிதச் சுற்றுக்கு அடியில் சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ் ஒன்று ஒளிந்திருக்கும். அது போயிருந்தால் அதே ரேட்டிங்கில் மாற்றலாம், ஷார்ட் செய்து ஓட்டக்கூடாது.

இதெல்லாம் சரியென்றால், போன ஃபியூஸை மாற்றி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் 120 வோல்ட்டில் 100 வாட் குண்டு பல்பை சீரீஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சிட்டு மங்கினால் நிம்மதி. பளிச்சென்றே நின்றால் ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கலாம். ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் என்றால் ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மரே போயிருந்தால், ரீவைண்டிங் கடையில் கொடுக்கும்போது பிரைமரியை 230-க்கே சுற்றச் சொல்லுங்கள், செகண்டரி (வெளியே கொடுக்கும் சுற்று) வோல்டேஜ் பழையபடியே இருக்கட்டும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரையும் வேரிஸ்டரையும் 230-க்கு ஏற்றதாகப் போட்டு, ஃபியூஸின் ஆம்பியரைப் பாதியாக்கினால் ஸ்டெப்-டவுனே தேவைப்படாது.