பஸ் ஏறவே பயம். வீடியோ காலில் தெரபி எடுக்கலாமா?

கேள்வி: வயது 29. தேனி பக்கம் ஒரு கிராமம். ஆறு மாதமாக பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். ‘பேனிக் அட்டாக், தெரபி எடுங்கள்’ என்றார் டாக்டர். தெரபிஸ்ட் இருப்பது மதுரையில். அங்கே போகவே பஸ் ஏற வேண்டும்! வீடியோ காலில் பார்க்கலாம் என்கிறார். நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா? கணவர், மாமியார் என்று எங்களுடையது கூட்டுக் குடும்பம், சின்ன வீடு.

பதில்: தாராளமாக எடுக்கலாம். பேனிக் அட்டாக்குக்குத் தரும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை, வீடியோவிலும் ஏறக்குறைய நேரில் கிடைக்கும் பலனையே தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு அதுவே கூடுதல் வசதி என்றுகூடச் சொல்வேன். இந்த சிகிச்சையில் பாதி தெரபிஸ்டின் அறைக்குள் நடப்பதில்லை. பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், படபடப்பு ஏறி, தானாக இறங்கும்வரை ஓடாமல் இருந்து பழக வேண்டும். முதலில் பஸ் ஸ்டாப்பில் போய்ச் சும்மா நிற்பது, அடுத்து ஒரே ஒரு ஸ்டாப், பிறகு தேனி வரை. காதில் இயர்போனோடு நீங்கள் ஸ்டாப்பில் நிற்க, தெரபிஸ்ட் போனில் கூடவே இருப்பார். மதுரையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் இது கிடைக்காது.

கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சின்ன வீடு என்று, எனக்கு அதுதான் கவலை. பக்கத்து அறையில் மாமியார் இருந்தால் வாய் திறக்காது. ‘இப்ப பரவாயில்ல’ என்றே முக்கால் மணி நேரமும் போய்விடும். இயர்போன் போட்டால் தெரபிஸ்ட் பேசுவதுதான் மற்றவர்களுக்குக் கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். மொட்டை மாடி, தோழி வீடு, எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரம் என்று எதையாவது பிடியுங்கள். மாமியாரின் சீரியல் நேரமும் மோசமில்லை. டிவி சத்தம் உங்களுக்குக் காவல். திடீரென்று யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போனால் யார் திரும்ப அழைப்பது என்பதையும்தான். வீடியோ திணறினால் வெறும் போனில் தொடரலாம், தவறில்லை.

பணம் கட்டுமுன் தெரபிஸ்டின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். சிகிச்சை உளவியலாளருக்கு (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) அது இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ‘கவுன்சிலர்’ என்று போட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை. அவர் உங்கள் முகவரியையும், அவசரத்துக்கு வீட்டார் ஒருவரின் எண்ணையும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும். அவர் மருந்து எழுத மாட்டார். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வார வீடியோ காலுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் அது. இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். ஆனால் வாராவாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து எடுக்கும் தெரபிக்கு அது மாற்று இல்லை. மதுரைக்காரரிடம் நேரம் குறித்துவிடுங்கள்.