கடைசியில் இரண்டே பேர்: போக்கர் கேள்வி–பதில்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த போக்கர் கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பெரும்பாலானவை டோர்னமென்ட்டின் முடிவில் இருவர் மட்டும் மிஞ்சும் ‘ஹெட்ஸ்-அப்’ ஆட்டத்தைப் பற்றியவை.

ஐம்பது, நூறு ரூபாய் கட்டி ஆடும் ஆப்பில் சேரலாமா? – மார்த்தாண்டம் வாசகர்

வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ‘போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற பழைய வழக்காடலுக்கு அதில் இடமில்லை. அதற்குப் பிறகும் பணம் கேட்டு வரும் ஆப், நீங்கள் ஜெயித்த தொகையைத் தராமல் போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? காசில்லாமல் இலவச சிப்ஸில் (பணத்துக்குப் பதிலாகக் கட்டும் வில்லைகளில்) நடக்கும் டோர்னமென்ட்டுகளில் ஆடிப் பழகுங்கள்.

இலவச டோர்னமென்ட்டுகளில் ஒன்பது பேர் மேசையில் கடைசி இருவரில் ஒருவனாக அடிக்கடி வந்துவிடுகிறேன். அதற்குப் பிறகு தோல்விதான். நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகத்தான் இருக்கிறேன். எங்கே பிசகுகிறது? – தக்கலை வாசகர்

அந்தப் பொறுமையில்தான். ஒன்பது பேர் இருக்கும்போது பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்ட வேண்டிய கட்டாயத் தொகை; பிக், அதில் பாதியான ஸ்மால் என இரண்டு) உங்களிடம் எப்போதாவதுதான் வரும். இருவர் ஆட்டத்தில் ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒரு பிளைண்டை நீங்கள் கட்டியே ஆக வேண்டும். இரண்டு கைக்கு ஒன்றரை பிக் பிளைண்ட் போகிறது. உங்களிடம் 15 பிக் பிளைண்ட் இருந்து எல்லாவற்றையும் ஃபோல்டு செய்தால் (சீட்டைக் கைவிட்டால்) 20 கைகளில் சிப்ஸ் காலி. நடுவில் பிளைண்ட் ஏறினால் அதற்கும் முன்பே. ஒரு ஜோடி ஏஸுக்காகக் காத்திருக்க இங்கே நேரம் கிடையாது.

முதலில் எண்ண வேண்டியது சிப்ஸை அல்ல, பிக் பிளைண்டை. பிளைண்ட் 300/600, உங்களிடம் 9,000, எதிராளியிடம் 18,000 என்றால் ஆட்டம் 15 பிக் பிளைண்ட் ஆழம். இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் அளவே கணக்கு. எதிராளியின் மீதி 9,000 இந்தக் கையில் வெறும் அலங்காரம்.

அடுத்தது பட்டன், அதாவது சீட்டு பகிர்பவர் யார் என்று காட்டும், கைக்குக் கை மாறும் வில்லை. ஹெட்ஸ்-அப்பில் பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட் கட்டுவார். ஃப்ளாப்புக்கு (மேசையில் இருவருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டுக்கு) முன் முதலில் பேசுவதும் அவர்தான், ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசுவதும் அவர்தான். எதிராளி செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதைவிடப் பெரிய வசதி இந்த ஆட்டத்தில் இல்லை. ஆகவே 15 ஆழத்தில், பட்டனில் ஐந்தில் நான்கு கைகளையாவது ஆடுங்கள். கையில் வரும் இரு சீட்டு 7-2, 8-2, 9-3 போன்ற இனம் (ஹார்ட், ஸ்பேட் முதலியவை) சேராத குப்பையாக இருந்தால் மட்டும் ஃபோல்டு செய்யுங்கள்.

எவ்வளவு ரெய்ஸ் (ஏற்றிக் கட்டுவது)? பிக் பிளைண்டைப் போல இரண்டு மடங்கு, அதாவது 1,200 போதும். எதிராளி கால் செய்தால் (அதே அளவு கட்டினால்) பாட், அதாவது நடுவில் சேரும் மொத்தம், 2,400. ஃப்ளாப் கிங்-7-2, மூன்றும் மூன்று இனம் என்று வைத்துக்கொள்வோம். அவர் செக் செய்கிறார் (எதுவும் கட்டாமல் விடுகிறார்). நீங்கள் 800 கட்டுங்கள். 2,400-ஐப் பெற 800-ஐ வைக்கிறீர்கள். நான்கில் ஒரு முறை அவர் ஃபோல்டு செய்தாலே நட்டமில்லை. ஜோடியில்லாத இரு சீட்டு ஃப்ளாப்பில் ஜோடியோ அதற்கு மேலோ ஆவது மூன்றில் ஒரு முறைதான். ஆனால் அதே 800-ஐ 9-8-7 போன்ற, இரண்டு சீட்டு ஒரே இனமாக உள்ள ஃப்ளாப்பில் கட்டாதீர்கள். அங்கே எதிராளிக்கு ஏதாவது ஒட்டியிருக்கும். ஒன்றுமில்லாத கையென்றால் செக் செய்து அடுத்த சீட்டை இலவசமாகப் பாருங்கள்.

பிக் பிளைண்டில் இருக்கும்போது இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எதிராளி இரண்டு மடங்கு ரெய்ஸ் செய்தால் பாட்டில் 1,800 கிடக்கிறது, நீங்கள் தர வேண்டியது 600. 25 சதவீத வாய்ப்பிருந்தாலே கால் செய்யலாம் என்பதால் பெரும்பாலான கைகளை ஃபோல்டு செய்யாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மடங்கு ரெய்ஸ் என்றால் தேவை 33 சதவீதமாக ஏறிவிடும், பலவீனமானவற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: இலவச ஆட்டத்தில் எதிராளி எதற்கெடுத்தாலும் கால் செய்பவராகவே பெரும்பாலும் இருப்பார். அவரிடம் மூன்று சுற்று பொய்க்கட்டு (நல்ல கை இருப்பதுபோல் காட்டி) கட்டுவது வீண். நல்ல கை வரும்போது பெரிதாகக் கட்டுவதே அவருக்கு மருந்து. மேலே சொன்ன 15 ஆழத்திலேயே கிங் ஜோடி கிடைத்தால் இரண்டு மடங்கு ரெய்ஸுக்குப் பின் ஃப்ளாப்பில் இரண்டரை, அடுத்த சீட்டில் ஐந்து பிக் பிளைண்ட் கட்டுங்கள். கடைசிச் சீட்டில் மிஞ்சும் ஐந்தரை தானாக ஆல்-இன் (இருப்பதை எல்லாம் கட்டுவது) ஆகிவிடும். பலர் இங்கே பதுங்கிச் செக் செய்து, கால் செய்யத் தயாராக இருப்பவரைச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

சிப்ஸ் குறைந்து 10 பிக் பிளைண்டுக்கு வந்துவிட்டால்? – கருங்கல் வாசகர்

பட்டனில் ஆல்-இன் அல்லது ஃபோல்டு. பழகுகிறவருக்கு இது போதும். ஆன்ட்டி (பிளைண்ட் தவிரக் கைக்குக் கை கட்டும் கூடுதல் தொகை) இல்லாத ஆட்டத்தில் இந்த ஆழத்துக்கான சமநிலைக் கணக்கு, நூற்றுக்கு ஏறக்குறைய 58 கைகளைத் தள்ளச் (ஆல்-இன் போடச்) சொல்கிறது: எந்த ஏஸும், எந்த கிங்கும், எந்த ஜோடியும், க்வீனில் பெரும்பாலானவையும், 9-8 போல அடுத்தடுத்து வரும் சீட்டுகளும். எதிராளி தள்ளினால் கால் செய்வதற்கு அளவு அதைவிடக் குறைவு, ஏறக்குறைய 37. மேலும் ஒன்பதைக் கட்டி, எதிராளியின் பத்தும் உங்கள் பிளைண்ட் ஒன்றும் சேர்ந்த பதினொன்றைப் பெறுவதால் 45 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. எந்த ஏஸும், ஜோடியும், கிங்கில் பெரும்பாலானவையும், க்வீன்-ஜாக், க்வீன்-10 போன்றவையும் அதில் வரும்.

இந்தப் பட்டியல் எதிராளியும் சரியாக ஆடினால் பொருந்தும். அரைமணி நேரமாக ஒருமுறைகூடத் தள்ளாதவர் திடீரென்று ஆல்-இன் போட்டால், கிங்-4-ஐ வைத்துக்கொண்டு கணக்குப் பேசாதீர்கள்.

நாங்கள் ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் உதவுமா? – திங்கள்நகர் வாசகர்

எந்தச் சீட்டு போயிற்று என்று நினைவில் வைக்கும் பழக்கத்துக்கு இங்கே வேலை குறைவு. ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. ஜாக்குக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு என்ற மதிப்பை மறந்துவிடுங்கள். போக்கரில் ஜாக் நான்காம் இடம். ஜாக்-9 பார்க்க அழகு, ஏஸ்-4-க்கு முன் பின்தங்கியது. துருப்பும் கிடையாது. ஒரே இனத்தில் இரண்டு சீட்டு வந்தாலே துள்ளுவது வேண்டாம். அதனால் கூடும் வெற்றி வாய்ப்பு இரண்டு முதல் நான்கு சதவீதம்தான்.

என் தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே அனுமதியுள்ள தளத்தில் சிறு தொகை டோர்னமென்ட் ஆடுவான். முதல் பரிசு 36 பவுண்டு, இரண்டாவது 24. கடைசி இருவர் ஆனதும் எதிராளி ‘ஆளுக்கு 30’ என்றாராம். தம்பியிடம் சிப்ஸில் 60 சதவீதம் இருந்தது. ஒத்துக்கொண்டிருக்கலாமா? – குழித்துறை வாசகர்

24 பவுண்டு இருவருக்கும் உறுதி. மோதுவது மீதி 12-க்குத்தான். அதில் 60 சதவீதம் 7.20, ஆக தம்பியின் நியாயமான பங்கு 31.20. முப்பதுக்கு ஒத்துக்கொண்டால் 1.20 பவுண்டு விட்டுக்கொடுக்கிறார். எதிராளி தெளிவாகத் தன்னைவிடக் கெட்டிக்காரர் என்றால் அந்த விலை பரவாயில்லை. எப்படியானாலும் தளத்தில் உள்ள ‘டீல்’ பட்டன் வழியாக மட்டும் பேசி முடிக்கட்டும். சாட்டில் கொடுத்த வாக்கை நம்பி வேண்டுமென்றே தோற்றுவிட்டால் மிச்சப் பணம் வராது.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஆட்டமே போய்விடுகிறது. – பேச்சிப்பாறை வாசகர்

தொடர்பு அறுந்தால் ஆப் உங்கள் நேரம் முடிந்ததும் தானாக ஃபோல்டு செய்யும். பிளைண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வைஃபை ரூட்டருக்கு மினி யு.பி.எஸ். வாங்குங்கள். ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்றதை எடுங்கள். 12 வோல்ட்டுக்கு 9 வோல்ட் பொருந்தாது. ஃபைபர் இணைப்பில் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ‘வைஃபை சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை’ என்று திகைப்பவர்கள் நிறைய. போனில் மொபைல் டேட்டாவை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள்.