யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே குறித்துவிட்டார் என்றால், அப்பாவுக்காக நான் ஜெபிப்பதில் என்ன பயன்?

ஜெபியுங்கள். பதில் அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதுவதெல்லாம், இதே கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தையையே நிறுத்திய கேள்வி என்பதால்.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு ஊகம். வயது முப்பதுக்குள். அம்மா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறவர், அப்பா சபைப் பக்கமே வராதவர். சமீபத்தில் யாரோ ஒரு நண்பர் ரோமர் 9-ஐத் திறந்து வைத்து, “விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல” என்று வாசித்துக் காட்டி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. கிரேக்கம், எபிரெயம் எதுவும் தெரியாது. தேவனே தெரிந்துகொள்கிறார் என்று காட்ட எபேசியர் 1-ஐயும் யோவான் 6-ஐயும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களுக்கு: அந்த வசனங்கள் எனக்கும் தெரியும். எல்லாரும் இரட்சிக்கப்பட தேவன் விரும்புகிறார் என்கிற 1 தீமோத்தேயு 2-ஐத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். பல வருஷம் நான் தூக்கிக்கொண்டு அலைந்ததே அதைத்தான்.

நாங்கள் வியாசர்பாடி. நைனா, அதாவது என் அப்பா, மில் தொழிலாளி. பெரம்பூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஆராதனை முடிகிறவரைக்கும் அங்கேதான். கோயில் மேல் கட்டின ஒலிபெருக்கி டீக்கடையைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். அதனால் முப்பது வருஷப் பிரசங்கம் ஒன்றுவிடாமல் அவர் காதில் விழுந்திருக்கிறது. “போன வருஷம் இதே கதையத்தான் சொன்னாரு உங்க ஐயா” என்று ஆயரின் உதாரணங்களைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை தண்டையார்பேட்டைக்காரர். கல்யாணத்தின்போது எங்களைப் போலச் சாதாரண சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)தான். அப்புறம் ஒரு வேதபாடக் குழுவில் சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் போதித்த வழியில் சீர்திருத்த உபதேசம் என்று இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தால் ‘டியூலிப்’தான் பேச்சு; அந்த உபதேசத்தின் ஐந்து கொள்கைகளுடைய ஆங்கில முதலெழுத்துகள் அவை. மனிதன் முழுக்கக் கெட்டுப்போனவன், தேவன் நிபந்தனையில்லாமல் தெரிந்துகொள்கிறார், அவர் கிருபையை யாராலும் தடுக்க முடியாது என்று ஐந்து விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். “கால்வின் சொன்ன அஞ்சு” என்பார். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். கால்வின் 1564-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மனிதன் சித்தத்துக்கும் இடம் உண்டு என்ற ஆர்மீனியுஸின் சீடர்கள் 1610-ல் அந்த உபதேசத்துக்கு ஐந்து மறுப்புகளை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் நெதர்லாந்தில் டோர்ட் நகரத்தில் 1618-லும் 1619-லும் மாதக்கணக்கில் சபைச் சங்கம் கூட்டி ஐந்து தலைப்பில் தீர்ப்பு எழுதினார்கள். சங்கம் முடிந்த அதே மாதத்தில், மறுப்பாளர்கள் பக்கம் நின்ற ஓல்டன்பார்னவெல்ட் என்ற பெரிய அரசியல்வாதியின் தலையை வெட்டினார்கள். அது அரசியல் வழக்கு, உபதேச வழக்கு இல்லை என்று மாப்பிள்ளை சொல்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீன் குழம்பு ஆறிப்போகும்.

ஒரு நாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நைனா குறுக்கே வந்தார். “மாப்ள, நான் பதிலியா இருந்தப்ப காத்தால ஆறு மணிக்கே கேட்டாண்ட போய் நிப்போம். அம்பது பேரு. மேஸ்திரி வருவான். நீ வா, நீ வா, நீ வாணாம். இன்னாத்துக்கு அவன எடுத்தே, என்ன வுட்டேன்னு ஒருத்தனும் கேக்க முடியாது. உங்க ஆண்டவரும் அப்டித்தானா?”

மில் வழக்கம் தெரியாதவர்களுக்கு: பதிலி என்றால், நிரந்தர ஆள் லீவு போட்ட இடத்துக்கு அன்றைக்கு மட்டும் எடுக்கிற ஆள்.

மாப்பிள்ளை அசரவில்லை. “ஆமா மாமா. ஆனா அங்க நின்ன எவனுக்குமே உள்ள போற யோக்கியத கெடையாது. ஒருத்தன எடுத்ததே கிருபை.”

“யோக்கியத இல்லாதவனா காத்தால ஆறு மணிக்கு வந்து நிக்கறான்?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அதான் நைனா! போய் நிக்கறது நம்ம கையில இருக்குதுல்ல!” என்றேன்.

“நீ சும்மா கெட. நின்னவனுக்கெல்லாம் வேல குட்துட்டானா?”

இதைவிடச் சுருக்கமாக இரண்டு கட்சியையும் மடக்கியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. கேள்வியை அப்படியே போட்டுவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

2014 நவம்பரில் நைனாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பஞ்சுத் தூசி பாதி, பீடி பாதி என்று டாக்டர் நுரையீரல் படத்தைத் தூக்கிக் காட்டினார். பதினோரு நாள் இருந்தார். நான் எழுத வேண்டியது அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான்.

நான் சுயாதீன சித்தக் கட்சி இல்லையா? எல்லாம் மனிதன் எடுக்கிற தீர்மானத்தில் இருக்கிறது என்று நம்புகிறவன். நைனா தீர்மானம் எடுக்கவில்லை. அப்படியானால் அவரை எடுக்கவைக்க வேண்டியது யார்? நான்தான். அந்தப் பாரம் என்னைப் பிசாசு மாதிரி பிடித்து ஆட்டியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், ஆக்ஸிஜன் மீட்டரைப் பார்ப்பேன். இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவேன். கைப்பிரதியைத் தலையணைக்கு அடியில் செருகுவேன். வருகிற பாஸ்டர்களையெல்லாம் ஒரு வார்த்தை பேசச் சொல்வேன். நைனா கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமா நடிப்பா என்று தெரியாது.

மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டு முடித்து நேராக வருவார். எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர், பத்து ரூபாய் ரேசர். மாஸ்க்கின் எலாஸ்டிக்கை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் கொஞ்சம், எலாஸ்டிக்கை விட்டுவிட்டு நைனா மூச்சு வாங்குகிறவரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம் என்று சவரம் பண்ணிவிடுவார். ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம். ரட்சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பேசியதெல்லாம் காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை விற்றது, யார் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் வராண்டாவில் மடக்கி, “உன் உபதேசம் உன்ன எவ்ளோ சோம்பேறியாக்கிடுச்சு பாத்தியா” என்று கேட்டே விட்டேன்.

“அவர எழுப்புறது என் வேல இல்ல மச்சான். உன் வேலயும் இல்ல. என் வேல இதான்” என்று கையில் இருந்த டம்ளரைக் காட்டினார்.

நாங்கள் வார்டிலேயே அடிக்குரலில் சண்டை போடுவதைப் பக்கத்து பெட் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கொருக்குப்பேட்டைக்காரர், நெற்றியில் தென்கலை நாமம். “தம்பி, இது எங்க கச்சேரிப்பா, நீங்க ஏன் பாடிக்கினு இருக்கீங்க” என்றார். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, பிடியை விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகிறது. வடகலைக்குக் குரங்கு நியாயம், தென்கலைக்குப் பூனை நியாயம். “காஞ்சிபுரத்துல இதுக்கு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கறோம், நீங்க வார்டோட நிறுத்திக்கோங்க” என்றார். நைனாவின் மாஸ்க் உள்ளே ஆவி படிந்தது. சிரித்திருக்கிறார்.

பத்தாம் நாள் சாயங்காலம். மாப்பிள்ளை டீ வாங்கக் கீழே போயிருந்தார். நான் நைனாவின் மாஸ்க்கைக் கழற்றி மோவாய்க்குக் கீழே இறக்கினேன். “ஒரே வரி நைனா. நான் சொல்றத திருப்பிச் சொல்லு. இயேசுவே நான் பாவி, என்னை ஏத்துக்கோ. அவ்ளோதான்.” மூச்சுக்குத் திணறுகிற ஒரு மனுஷனிடம் காற்றைப் பிடுங்கிவிட்டு வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நைனா என்னைப் பார்த்தார். உதட்டைப் பிரித்து, இரண்டு மூச்சுக்கு நடுவே, “பூனைன்னு வச்சிக்கோ” என்றார். அதற்குள் சிஸ்டர் ஓடிவந்து மாஸ்க்கை மாட்டிவிட்டு, “படிச்சவர்தானே சார் நீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் நைனா போய்விட்டார்.

அந்த இரண்டு சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் கேவலமானது: அது சரியான வாசகம் இல்லை. இயேசு என்ற பெயர் இல்லை, பாவி என்ற சொல் இல்லை. பூனை இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யாரிடம் சாட்சி சொல்வது?

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மாட்டேன். அடக்கத்துக்கு சபையிலிருந்து கடிதம் வேண்டும். போனால் கமிட்டி ரூமில் ஒருவர் சந்தா நோட்டைப் புரட்டி, ஐந்து வருஷ பாக்கி, கட்டினால்தான் கடிதம் என்றார். கட்டியிருக்கிறோம், ரசீது வீட்டில் தண்ணீர் ஏறியபோது நனைந்து போனது என்றேன். அப்படியானால் மறுபடி கட்டுங்கள் என்றார். பிணம் வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடக்கிறது. ஜீவ புஸ்தகத்தில் யார் பேர் எழுதியிருக்கிறது என்று நானும் மாப்பிள்ளையும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டோம். அசல் புஸ்தகம் அந்த பீரோவில் ரப்பர் பேண்டு போட்டு இருக்கிறது. கட்டினேன், வேறென்ன செய்ய. இதை எழுதினால் ‘சபையைக் குறை சொல்கிறான்’ என்று ஒருவர் கிளம்புவார். ஆமாம், குறைதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஜெபத்தில் அத்தை, “எங்கண்ணன் இப்ப எங்க இருப்பாரு?” என்று அழுதார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “தெரிந்துகொள்ளப்பட்டிருந்தா அவரோட இருப்பாரு” என்றார். அந்த ‘இருந்தா’ கூடத்தில் அப்படியே தொங்கியது. அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். நான் மாப்பிள்ளை சட்டையைப் பிடித்துவிட்டேன். பதினோரு நாள் சவரம் பண்ணிவிட்ட கை அது என்று அப்போது தோன்றவில்லை. அந்த இரண்டு சொல்லை அங்கேயே சொல்லியிருந்தால் அம்மா திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார். அதுவும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் போக்குவரத்து இல்லை. தங்கை மட்டும் பிள்ளைகளோடு வந்துபோவாள். கடைசியில் எங்களைச் சேர்த்துவைக்கப் பார்த்தவர் ரிட்டையர்டு ஆயர் ஒருவர். மெத்தடிஸ்ட் சபைகளுக்கு மூலவரான வெஸ்லி 1739-ல் முன்குறிப்பைத் தாக்கிப் பிரசங்கம் பண்ணி அச்சிட்டார், நெருங்கின நண்பரான விட்ஃபீல்டு மறுத்துக் கடிதம் எழுதினார், பிளவுபட்டார்கள். ஆனால் 1770-ல் விட்ஃபீல்டு இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டிருந்தபடியே நினைவுப் பிரசங்கம் பண்ணியது வெஸ்லிதான் என்றார். “நம்ம சபையே 1947-ல மெத்தடிஸ்டும், கால்வின் வழி வந்த பிரெஸ்பிடேரியனும், இன்னும் சிலரும் சேர்ந்து உண்டானதுதானேப்பா. வெஸ்லி வீட்டுப் பிள்ளையும் கால்வின் வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தியில உக்காந்திருக்குது. நீங்க ரெண்டு பேர் உக்கார மாட்டீங்களா?” என்றார். வரலாறு சரிதான். எனக்கு இறங்கவில்லை.

இறங்கியது வேறொன்று. என் அம்மா ஜெபிப்பதை ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டேன். அம்மா என் கட்சிதான், மனுஷன் மனம் திரும்பணும் என்பவர். ஆனால் முழங்காலில் நின்றால் “ஆண்டவரே, நீரே அவன் இருதயத்தைத் திறந்தருளும்” என்கிறார். தீர்மானம் முழுக்க மனிதன் கையில் என்றால் தேவனிடம் அதை ஏன் கேட்க வேண்டும்? மாப்பிள்ளை கூட்டாளிகளோ எல்லாம் குறித்தாயிற்று என்கிறவர்கள், ஆனால் தெருமுனையில் மைக்கைப் பிடித்தால் “இன்றைக்கே மனந்திரும்புங்கள்” என்கிறார்கள். பிலிப்பியர் 2-ல், இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்று பவுல் எழுதுகிறார். நம் பைபிளில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சொல் ‘ஆனாலும்’ இல்லை, ‘ஏனெனில்’. எத்தனையோ முறை வாசித்தும் அந்தச் சொல்லை நான் பார்த்ததே இல்லை. அது எப்படிப் பொருந்துகிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு விளங்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்காக ஜெபிக்க நினைக்கிற நினைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். அவர் உபதேசப்படியே அதுவும் குறிக்கப்பட்டதுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அப்பாவின் காதுக்குக் கேட்கிற மாதிரி, அவரைக் குத்துகிற மாதிரி ஜெபிக்காதீர்கள். முடிந்தால் அவருக்குச் சவரம் பண்ணிவிடுங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, கூப்பிடாமலே மாப்பிள்ளை தார்ப்பாயோடு வந்தார். கூரைமேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை இழுத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், மாஸ்க்கை இறக்கினதையும் நைனா சொன்னதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கயிறு அசையவே இல்லை. அப்புறம் அந்த மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம்.

“மச்சான், மாமா கட்சி மாறிட்டாரு. எங்காளு அவரு.”

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, “யாரு? யாரு கட்சி மாறினது?” என்று கத்தினார்.