தண்ணீர் எங்கே போகிறது? பழைய கார் வைத்திருப்போரின் கேள்விகளும் பதில்களும்

சித்திரை வெயில் மதுரைத் தார்ச்சாலையில் ஏறத் தொடங்கினால், பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது? நான் மெக்கானிக் அல்ல. 1972 மாடல் அம்பாசடர் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அது என்னை நடுவழியில் நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர்: அப்பாவின் அம்பாசடர் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புகிறேன். மறுநாள் பார்த்தால் ஒரு டம்ளர் குறைந்திருக்கிறது. தரையில் ஈரமே இல்லை, ஐயா.

கழுத்துவரை நிரப்புவதுதான் காரணம். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3.5 சதவீதம் விரிகிறது. எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 280 மில்லி. உங்கள் ஒரு டம்ளர் கணக்கு அதுதான். இன்றைய கார்களில் அந்த மிச்சத்தைப் பிடித்துவைத்துத் திருப்பித் தர ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. உங்கள் காரில் அது கிடையாது. மூடிக்குக் கீழே உள்ள சிறு குழாய் வழியாக ஓடும்போதே சாலையில் கொட்டிவிடும். இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, ஒரு வாரம் குச்சியை விட்டு அளந்து பாருங்கள். மட்டம் ஒரே இடத்தில் நின்றால் கசிவே இல்லை, நீங்கள் செலவழிக்க வேண்டியதும் இல்லை.

செல்லூரிலிருந்து: பிரிமியர் பத்மினி. காலையில் ரேடியேட்டருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். "ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றலாமா, அண்ணா?

பொறுங்கள் தம்பி. சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தண்ணீர் ரப்பர் ஹோஸின் அடிவயிற்றில் ஊர்ந்து, ஏதாவது ஒரு போல்ட்டின் தலையில் சேர்ந்து, அங்கிருந்துதான் விழும். வண்டி ஓடும்போது ஃபேன் முன்னாலிருந்து பின்னால் காற்றை இழுப்பதால், துளிகள் எஞ்சின்மேல் சிதறிப் பின்பக்கமெல்லாம் நனைந்துவிடும். ஆகவே ஈரத்துக்கு மேலேயும் முன்னாலும் தேட வேண்டும். என் காரில் கீழ்த் தொட்டி நனைந்திருந்தது. ஒரு பட்டறையில் அதற்கு இரண்டு முறை ஈயப் பற்று வைத்தார்கள், இரண்டு முறையும் காசு கொடுத்தேன். கடைசியில் பார்த்தால், மேல்தொட்டியின் மூட்டில் தலைமுடி அளவு விரிசல். சூட்டில்தான் அது வாய் திறந்தது. மேலே கசிந்த தண்ணீர் ரேடியேட்டரின் முதுகோடு இறங்கிக் கீழ்த் தொட்டியில் நின்றிருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். அழுக்கு எஞ்சினில் கசிவு தேடுவது வைகை மணலில் ஊசி தேடுவது போல. பிறகு இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, முன்சக்கரம் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் கறை எங்கே என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தொடங்குங்கள். காய்ந்த கசிவு தடம் விடாமல் போகாது. போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கூலன்ட் (துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் நிறத் திரவம்) என்றால் அதன் நிறத்திலேயே படிந்திருக்கும். செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள், அடிப்பக்கத்தை மறக்காமல். அமுக்கினால் மொறமொறவென்று வெடித்தாலோ, கிளிப்புக்கு அருகே உப்பியிருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. எஞ்சின் குளிர்ந்ததும் மட்டும் சொட்டுகிறது என்றால் முதலில் கிளிப்புகளைச் சந்தேகப்படுங்கள்; ரப்பர் சுருங்கிப் பிடி தளர்ந்துவிடும். அடுத்து வாட்டர் பம்ப். அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியேறும். துளைக்குக் கீழே கறை இருந்தால் பம்ப் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த புத்திசாலி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அவருக்குப் பேரிங்கும் போயிற்று.

இதற்கெல்லாம் மேல், அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருத்தும் கைப் பம்ப் ஒன்று உண்டு, மீட்டரோடு. எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துத் தேடுங்கள். சூடும் ஃபேனும் இல்லாததால், கசியும் இடத்தில் துளி அப்படியே உட்கார்ந்திருக்கும். நொடிக்கு ஒரு துளி என்றால் மணிக்கு ஏறத்தாழ 180 மில்லி. அற்பமாகத் தெரிவது திருச்சி போய்ச் சேருவதற்குள் அரை லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கசிவது ரேடியேட்டர்தான் என்று உறுதியானாலும் தூக்கிப் போடாதீர்கள். செம்பு, பித்தளையில் செய்தது பற்றவைக்க இணங்கும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்தத் தயவு கிடையாது.

உசிலம்பட்டியிலிருந்து: மஞ்சள் பொடி போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

அடைபடும். ஆண்டிபட்டி கணவாயில் இருட்டு வேளையில் நின்றுவிட்டால் நானும் போடுவேன், போட்டும் இருக்கிறேன். ஆனால் ஊசித் துளையைத் தேடி அடைக்கும் பொடிக்கு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது, ஓட்டை எது என்று தெரியாது. கடையில் டப்பாவில் விற்கும் கசிவடைப்புப் பொடிக்கும் தெரியாது. வீடு வந்ததும் கழுவிவிட்டு, ஓட்டையைச் சரிசெய்யுங்கள். மஞ்சளை மாதக்கணக்கில் உள்ளே விட்ட வண்டிகள்தான் அடுத்த கோடையில் கொதிக்கும்.

மேலூரிலிருந்து: வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. தண்ணீர் மட்டும் குறைகிறது. காலையில் புகை வெள்ளையாக வருகிறது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது என்று சந்தேகப்படலாம்: எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது, தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. உறுதிசெய்ய நீலத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டரின் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் பாலேடு போல இருந்தால் பயப்பட வேண்டாம், சின்னச் சின்ன தூரம் ஓட்டும் வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும். அளவுகோலில் எடுக்கும் ஆயிலே மோர்க்குழம்பு நிறத்தில் வந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து: எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் துருக்கறையோடு ஒழுகுகிறது. பிளாக்கே வெடித்துவிட்டதா?

வெடித்திருக்க வாய்ப்புக் குறைவு. வெல்ச் பிளக்காக இருக்கும், வட்டமான கிண்ணம் போன்ற தகடு. வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்ட துளைகளை அதை அடித்துத்தான் மூடியிருப்பார்கள். வெளிநாட்டில் பனி உறைந்து தள்ளிவிடும் என்பார்கள். மதுரையில் அதைக் கொல்வது போர்வெல் தண்ணீர். உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழுகிறது. ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதானே, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து: ஊருக்குள் சரியாக ஓடுகிறது. கொடைக்கானல் ஏறினால் டம்டம் பாறைக்கு முன்பே கொதித்துவிடுகிறது. கசிவு எதுவும் தெரியவில்லை.

மூடியைப் பாருங்கள். அதுவும் கசியும், ஆவியாக. உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் மூடியில் வில் (ஸ்பிரிங்) இருக்கிறது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, சமவெளியில் கொதிநிலையை ஏறத்தாழ 110 டிகிரிக்கு உயர்த்தும். ரப்பர் வெடித்திருந்தாலோ வில் தளர்ந்திருந்தாலோ அந்தக் காப்பு இல்லை. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது காற்றும் குறைவு. புது மூடி வாங்கும்போது அதே பவுண்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடி நல்லது என்று நினைத்துப் போட்டால் ஐம்பது வயது ரேடியேட்டரின் மூட்டுகள் பிளக்கும். கொதித்து நின்றால் அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என் முன்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

கே.கே. நகரிலிருந்து: இடது பக்கம், முன்சீட்டுக்கு அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டுகிறது. போன மாதம்தான் ஏசி பொருத்தினேன்.

அது ஏசியிலிருந்து வரும் தண்ணீர். வெளியே ஓடவிட்ட குழாய் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அனுப்பானடியிலிருந்து: வெறும் தண்ணீர் போதாதா? கூலன்ட் எதற்கு? இங்கே உறைபனியா கொட்டுகிறது?

உறைவதைத் தடுக்க அல்ல, துருவைத் தடுக்க. மேலே வெல்ச் பிளக் கதையைப் படியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், ஊற்றிய தேதியை எழுதிவையுங்கள். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, இனிப்பானது, விஷம். கழற்றிய தண்ணீரைத் திறந்த சட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், தெரு நாய் நக்கிவிடும்.