இசைக் கேள்வி பதில்: ரோந்தோவில் பல்லவி எங்கே திரும்புகிறது?

கேள்வி: மூன்று பேராகச் சேர்ந்து ராபர்ட் மார்ட்டனின் 'லு சூவனீர் த வூ ம த்யூ' பாடலைப் பயில்கிறோம். சுரத்தாளில் இசை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மிச்ச வரிகள் கீழே தனியாக நிற்கின்றன. எப்படிக் கோத்துப் பாடுவது?

பதில்: மார்ட்டன் 1457 முதல் பர்கண்டி அரசவையில் பாடிய ஆங்கிலேயர். அவருடையவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பாடல்கள் சுமார் 8தான், எல்லாமே பிரெஞ்சு. 'உங்கள் நினைவு என்னைக் கொல்கிறது' என்று தொடங்கும் இது, 4 வரிப் பல்லவி கொண்ட ரோந்தோ, அதாவது பல்லவி பாதியாகவும் முழுதாகவும் திரும்பி வரும் பழைய பிரெஞ்சுப் பாடல் வடிவம். இசைக்கு இரண்டே பகுதிகள். முதல் 2 வரிக்கு ஒன்று, அடுத்த 2 வரிக்கு இன்னொன்று.

பகுதிகளின் வரிசை 1, 2, 1, 1, 1, 2, 1, 2. முதல் இரண்டும் முழுப் பல்லவி. மூன்றாவது, புதிய 2 வரி. நான்காவது, பல்லவியின் முதல் பாதி மட்டும். ஐந்தும் ஆறும் சேர்ந்து புதிய 4 வரி. கடைசி இரண்டும் மறுபடி முழுப் பல்லவி. ஆக 16 வரி.

குழுக்கள் தடுமாறுவது எப்போதும் நான்காவதில்தான். பாதிப் பல்லவி பாடியதும் பழக்கத்தில் வாய் இரண்டாம் பகுதிக்குத் தாவிவிடும். உண்மையில் முதல் பகுதி அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. தாளில் 1 முதல் 8 வரை எண் எழுதி, முதல் பகுதி முடியும் நடு நிறுத்தத்தில் 'திரும்பு', 'தொடர்' என்று பென்சிலால் குறியுங்கள். நேரம் போதவில்லை என்று பலர் தொடக்கத்து முழுப் பல்லவியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாடலுக்குச் செய்யும் அநியாயம். புதிய வரிகளைக் கேட்டபின் திரும்பும் பல்லவிக்குத்தான் கனம் கூடுகிறது. ஒரு பகுதிக்கு 30 விநாடி என்றாலும் மொத்தம் 4 நிமிடம்தானே!

கேள்வி: சுரத்தாளில் சில சுரங்களுக்கு மேலே சிறிய ஷார்ப் குறி (அரைச்சுரம் உயர்த்தும் குறி) இருக்கிறதே, பாட வேண்டுமா?

பதில்: அவை பதிப்பாசிரியர் சேர்த்தவை. அக்காலப் பாடகர்கள் எழுதாமலேயே உயர்த்திப் பாடினார்கள். இசை வரி முடியும் நிறுத்தத்தில் மேற்குரலும், அதோடு இணைந்து போகும் கீழ்க்குரலான டெனரும் ஆறாம் இடைவெளியிலிருந்து எட்டாம் இடைவெளிக்கு விரிகின்றனவா என்று பாருங்கள். டெனர் இ-யிலிருந்து டி-க்கு இறங்கினால், மேற்குரலின் சி-யை சி ஷார்ப் ஆக்குங்கள். டெனர் எஃப்-இலிருந்து இ-க்கு அரைச்சுரம் இறங்கினால் மேற்குரலைத் தொடவே கூடாது. அங்கும் உயர்த்துவதுதான் பரவலான பிழை. இன்னொன்று: கீழ்க் குரல்களின் தொடக்கத்தில் மட்டும் ஒரு ஃபிளாட் (அரைச்சுரம் தாழ்த்தும் குறி) இருக்கும் பாடல்களும் உண்டு. அச்சுப் பிழை என்று நினைத்து மேற்குரலிலும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் குரலான கான்ட்ராடெனருக்கு வரிகளே இல்லை. என்ன செய்வது?

பதில்: அந்தக் காலக் கையெழுத்து ஏடுகளில் அது சகஜம். உயிரெழுத்தில் பாடலாம், லூட், ஹார்ப், வில் வாத்தியம் எதிலும் வாசிக்கலாம். வலிந்து வரிகளைத் திணித்தால், தாவித் தாவிப் போகும் அந்தக் குரலில் அசைகள் உடையும். முதலில் மேற்குரலையும் டெனரையும் மட்டும் சேர்த்துப் பாடிப் பழகுங்கள். அந்த இரண்டே முழு இசையாக நிற்கும். மூன்றாவதைப் பிறகு சேர்த்தால் சுருதி விலகல் எங்கே என்று உடனே பிடிபடும்.