மூடி இல்லாமல் காற்றழுத்தம் எப்படி நிற்கிறது?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "பாத்திரம் இல்லாமல் வாயுவுக்கு அழுத்தம் இருக்காது, அதனால் பூமிக்கு மேலே கூரை இருந்தே தீரும்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கூரை எதுவும் இல்லை அம்மா. காற்று கலைந்து போகாமல் ஏதோ ஒன்று பிடித்து வைக்க வேண்டும் என்பது வரை அவன் சொல்வது சரி. பூமியின் ஈர்ப்பே அதைப் பிடித்து வைக்கிறது. காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ காற்று இருக்கிறது. பஞ்சு மூட்டைகளை அடுக்கினால் அடி மூட்டை நசுங்குவது போல, தரையோரக் காற்றை மேலே உள்ள காற்று நெருக்குகிறது.

மேலே போகப் போகச் சுமை குறையும். ஐந்தரை கிலோமீட்டரில் அழுத்தம் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. 100 கிலோமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூரை போட்டுத் தடுத்து வைக்க அங்கே என்ன இருக்கிறது? உயரத்தில் அழுத்தம் குறைவதை 1648-லேயே பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே, பிரான்ஸில் புய் தெ தோம் மலை மேல் காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயோடு ஏறினார். பாதரசம் சுமார் எட்டு சென்டிமீட்டர் இறங்கியது.

காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிட அறைக்குள் கொஞ்சம் காற்றை விட்டால், அது கீழே தங்காமல் எங்கும் பரவுவதை வீடியோக்காரர்கள் காட்டுவார்கள். அதை வைத்துச் சொல்வதை நம்பாதீர்கள். அது சின்னப் பெட்டி. அந்த உயரத்துக்குள் எடை வித்தியாசம் தெரியவே தெரியாது, அதனால் காற்று சமமாக நிரம்புகிறது. அதைக் காட்டி வானத்துக்கே முடிவு சொல்வது பார்வையாளரை ஏமாற்றும் வேலை.

இன்னொன்றையும் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்: "காற்று கசிகிறதே!" ஆமாம், கசிகிறது. பூமியை விட்டுப் போக விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் சுமார் அரை கிலோமீட்டர்தான். நேராக மேலே கிளம்பி எதிலும் மோதாமல் போனாலும் 13 கிலோமீட்டருக்குள் திரும்பி விழும். ஹைட்ரஜனும் ஹீலியமும் இலேசானவை, வேகமானவை. உச்சி அடுக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கின்றன. ஹைட்ரஜன் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ போகிறது. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. ஆக, கசிவே மேலே மூடி இல்லை என்பதற்குச் சாட்சி.

பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'பாத்திரச் சுவரில் மூலக்கூறுகள் மோதுவதே அழுத்தம்' என்று மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போடுகிறோம். வெட்டவெளியில் எப்படி என்று ஒரு கேள்விகூடத் தேர்வில் கேட்பதில்லை. எத்தனை வருடம்தான் இப்படியே ஓட்டுவது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பல போன்களில் காற்றழுத்த சென்சார் இருக்கிறது. அதோடு அவனை மொட்டை மாடிக்கு ஏறச் சொல்லுங்கள். மூன்று மீட்டருக்கு 0.36 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் குறையும். மூடிய பாத்திரம் எதுவும் இல்லாமல் அது ஏன் குறைந்தது என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள்.